வாலென்டிக்கு வியாழன் பதினோரு மணி

அந்தத் துக்க அறிவிப்பை எழுதி ஒட்டியவள் நான்தான். கிழிக்க மறந்தவளும் நான்தான். வேண்டுமென்றே செய்தாயா என்று இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள். இல்லை, மறந்துவிட்டேன். முப்பத்தோரு வருட வேலையில் நான் செய்த பெரிய தப்பு அது ஒன்றுதான். அதற்கு வெட்கப்படச் சொன்னால் மட்டும் என்னால் முடியாது.

என் பெயர் போக்னா. ‘ஆலைத் தெரு’ தொடரில் சாமான்கள் என் பொறுப்பு. மேஜை மேல் ஆவி பறக்கும் சூப், சுவரில் தொங்கும் சிலுவை, கடைக்காரியின் தராசு, எல்லாம் நான் கொண்டுவந்து வைத்தவை. பத்தொன்பது வருடமாக வாரத்தில் மூன்று நாள் போலந்து முழுக்க இரவுச் சாப்பாட்டோடு சேர்த்துப் பார்த்த தொடர் அது. அதில் தபால்காரர் வாலென்டியாக வந்தவர் ரோமுவால்ட் ஷிகோரா. எங்களுக்கெல்லாம் ரோமெக்.

ரோமெக்கை நல்ல நடிகர் என்று சொன்னால் வார்சாவில் சில பேர் உதட்டைச் சுழிப்பார்கள். சுழிக்கட்டும். அவர் வூட்ஜ் நகரத்து சினிமாப் பள்ளியில் படித்து வெளியே வந்தபோது ஆள் உயரம், நீலக் கண், வைக்கோல் நிறத் தலைமுடி. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எடுத்த படத்தில் பாதி யுத்தப் படம். பார்த்தவுடனே ஜெர்மன் சிப்பாய் உடுப்பை மாட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு பதினோரு படங்களில் அந்த உடுப்போடு செத்தார். லாரியிலிருந்து விழுந்து செத்தார், ஆற்றில் மிதந்தார், வைக்கோல் போரில் குப்புறக் கிடந்தார். விழுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. “ஷிகோராவைக் கூப்பிடுங்க, ஒரே டேக்ல செத்துடுவான்” என்பார்களாம். அப்புறம் ஒரு சின்ன நகரத்து நாடக அரங்கில் பன்னிரண்டு வருடம். குழந்தைகள் கார்ட்டூனில் முள்ளம்பன்றிக்குக் குரல். சூப் தூள் விளம்பரம் ஒன்று. நாற்பத்தெட்டு வயதில்தான் வாலென்டி வந்து சேர்ந்தார்.

வாலென்டிக்கு முதலில் எழுதியிருந்தது இரண்டே காட்சி. மணி அடிக்க வேண்டும், கடிதம் கொடுக்க வேண்டும், போக வேண்டும். அதற்கே ரோமெக் பையில் ஆறு கிலோ உருளைக்கிழங்கு போடச் சொன்னார். நான் பஞ்சு அடைத்து வைத்திருந்தேன்.

“யாருக்குத் தெரியப்போகுது?” என்றேன்.

“தோளுக்குத் தெரியும். தோளுக்குத் தெரிஞ்சா பார்க்கிறவனுக்கும் தெரியும். நீ கிழங்கைப் போடு.”

போட்டேன். பத்தொன்பது வருடம் போட்டேன். சீசன் முடிந்தால் அந்தக் கிழங்கில் நான் அப்பம் சுட்டுத் தருவேன், எல்லோரும் சாப்பிடுவோம். ரசிகர்கள் கடிதம் போட்டுப் போட்டு, இரண்டு காட்சி இருபதானது, இருபது இருநூறானது. தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும், யார் வீட்டுக்காரன் ஓடிப்போனாலும் முதலில் தெரிவது வாலென்டிக்குத்தான். அவருக்குக் குடும்பம் கிடையாது. கதை எழுதுகிறவர்கள் அதை யோசிக்கவே இல்லை.

பிறகு பாட்ரிக் வந்தான். முப்பத்து நாலு வயதில் தயாரிப்பாளர். கெட்டவன் இல்லை, ஆனால் எதைப் பார்த்தாலும் அதை இன்னும் சின்னதாக்க முடியுமா என்று பார்க்கிற புத்தி. அவன் வந்த இரண்டாவது மாதம் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து புதுப் பகுதியை வாசித்தோம். ரோமெக் தன் பெயரைத் தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு தாள் கை நழுவிக் கீழே விழுந்தது. எங்கள் வழக்கப்படி உடனே அதைக் காலால் ஒரு மிதி மிதித்துவிட்டுத்தான் எடுத்தார். வசனத் தாள் விழுந்தால் மிதிக்க வேண்டும், இல்லாவிட்டால் வேடம் கைவிட்டுப் போய்விடும். அவர் மிதித்த தாளில்தான் அது இருந்தது. கடைக்காரியும் பக்கத்து வீட்டுக்காரியும் தேவாலயத்து அறிவிப்புப் பலகை முன்னால் நிற்கிறார்கள். வாலென்டி இறந்துபோன அறிவிப்பைப் படிக்கிறார்கள். சிலுவை போட்டுக்கொள்கிறார்கள். “சரி வா, ரொட்டி தீர்ந்துடப் போகுது” என்று போய்விடுகிறார்கள்.

அவ்வளவுதான். பத்தொன்பது வருட மனிதருக்குப் பதினெட்டு விநாடி.

“எனக்கு ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில்கூட இல்லையா பாட்ரிக்?” என்று ரோமெக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

“சார், இது ரொம்ப நுணுக்கமான காட்சி. சொல்லாம சொல்றோம்.”

“அடக்கம்?”

“அடக்கம்னா ஐம்பது துணை நடிகர், ஒரு நாள் ஷூட்டிங், மழை வந்தா ரெண்டு நாள். முடியாது சார்.”

“எனக்குச் சம்பளம் வேண்டாம். பெட்டிக்குள்ள படுத்துக்கிறேன். மூடிக்கூட வச்சுக்கோ. பின்னாடி நாலு பேர் நடந்து வரட்டும், அது போதும்.”

பாட்ரிக் தன் போனைப் பார்த்தான். அதுதான் பதில்.

அதுவரை ரோமெக் எதையும் கெஞ்சிக் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று சாமான் அறையில் என் எதிரில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டபடி சொன்னார்: “பதினோரு தடவை செத்திருக்கேன் போக்னா. ஒருத்தன் பேரும் எனக்குத் தெரியாது. எவனோ ஹான்ஸ், எவனோ ஃப்ரிட்ஸ். ஆனா எல்லாச் சாவையும் நானே செத்தேன். நான் வாழ்ந்தது இந்த ஒருத்தனா மட்டும்தான். இவனை அனுப்பி வைக்க ஒரு ஆள் இல்லைன்னா அப்புறம் நான் என்னத்தைப் பண்ணேன் இத்தனை வருஷம்?”

எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க அவரையே திட்டினேன். “டீயைக் குடி. ஆறிப்போனதைச் சூடு பண்ண நான் உன் வேலைக்காரி இல்ல.”

அதற்கு மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் காட்சியை எடுக்க வேண்டியிருந்தது. வெளிப்புறக் காட்சிகளை எல்லாம் ஸ்டாரா வோலா என்ற சின்ன ஊரில்தான் எடுப்போம். வார்சாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். வழக்கமாக இல்லாத தேவாலயம், இல்லாத கல்லறைத் தோட்டம் என்று ஏதாவது எழுதி அச்சடிப்பேன். இந்தத் தடவை மனசு கேட்கவில்லை. மனிதருக்கு மிஞ்சியதே இந்த ஒரு தாள்தான், இதுவாவது ஒழுங்காக இருக்கட்டும் என்று கறுப்புக் கரை போட்டு, நல்ல கெட்டித் தாளில், அந்த ஊர்த் தேவாலயத்தின் உண்மையான பெயரையே போட்டேன். வாலென்டி காவ்ரோன், தபால்காரர், வயது அறுபத்தேழு. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குத் திருப்பலி, அதன்பின் பங்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். ‘அவரை அறிந்த அனைவரும்’ என்று கையொப்பம் போட்டேன், குடும்பம் இல்லையே.

தேவாலயத்துப் பலகையில் ஒட்டினேன். காட்சியை எடுத்தார்கள். வெளிச்சம் சரியில்லை, நாளைக்கு மறுபடி தேவைப்படலாம், அப்படியே இருக்கட்டும் என்றார் இயக்குநர். புதன்கிழமை மழை கொட்டியது. எல்லோரும் வார்சா ஸ்டுடியோவுக்கு ஓடினோம். தாள் பலகையிலேயே இருந்துவிட்டது.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் போன். ஸ்டாரா வோலா பங்குத் தந்தை. அனுமதி கேட்டபோது என் நம்பரைக் கொடுத்திருந்தேன்.

“அம்மா, என் கோயில் வாசல்ல மலர் வளையம் பதினாலு வந்திருக்கு. தீயணைப்புப் படை பேண்டு வாத்தியத்தோட நிக்குது. யாரை நான் அடக்கம் பண்றது?”

அப்போதுதான் பலகையில் விட்டுவந்த தாள் ஞாபகம் வந்தது.

அந்த ஊர்க்காரர்களுக்குப் பைத்தியம் இல்லை. வாலென்டி என்று யாரும் பிறக்கவில்லை என்று நன்றாகவே தெரியும். ரோமெக் அவர்கள் ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றிருக்கிறார், அவர்கள் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம். பலகையில் பெயர் வந்து, நாளும் நேரமும் போட்டிருந்தால், தெரிந்த மனிதர் என்றால் போயாக வேண்டும். யார் வந்தார்கள் என்று யாரும் எண்ணமாட்டார்கள். யார் வரவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். வாலென்டியைத் தெரியாத ஆள் அந்த ஊரில் உண்டா?

ரோமெக்குக்குப் போன் செய்தேன்.

“கறுப்புக் கோட்டைப் போட்டுக்கிட்டு உடனே கிளம்பு. ஸ்டாரா வோலால சாவு.”

“யாரு?”

“நீதான்.”

விவரத்தைச் சொன்னேன். “கிண்டல் பண்ணாதடி” என்று மட்டும் சொன்னார். ஆனால் பின்னால் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது.

என் காரில் இருவரும் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து ஐம்பது. காரை நிறுத்த இடமில்லை. மதிலை ஒட்டிக் கறுப்புக் கோட்டுகள், சாமந்திப் பூக்கள், கண்ணாடிக் கூண்டில் மெழுகு விளக்குகள். மாவுக் கை துடைக்காமல் வந்திருந்த ரொட்டிக்கடைக்காரர், வகுப்பை அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருந்த டீச்சர், தபால் நிலையத்து ஆட்கள் சீருடையில். பாட்ரிக் ஒத்துக்கொண்டிருந்தால் ஐம்பது பேருக்குக் கூலி கொடுத்திருப்பான். இங்கே நானூறுக்குக் குறையாது, ஒருவருக்கும் ஒருவரும் ஒன்றும் கொடுக்கவில்லை.

படிக்கட்டில் பங்குத் தந்தை கையை விரித்துக்கொண்டு நின்றார்.

“என்னைக் கொஞ்சம் புரிஞ்சுக்கோங்க. பிறக்காத ஆளுக்கு, ஞானஸ்நானம் வாங்காத ஆளுக்கு நான் எப்படிப் பூசை வைக்கிறது? ஆயர் கேட்டா என்ன சொல்லுவேன்?”

முன்னால் நின்ற ஒரு அம்மாள் கைத்தடியைத் தட்டினாள். ஸ்டெஃபானியா. ஊரின் பழைய தபால்காரருடைய விதவை, எண்பத்தொரு வயது, வாய் மட்டும் பதினெட்டு.

“அப்போ செத்துப்போன தபால்காரங்க எல்லாருக்கும் வைங்க ஃபாதர். அவங்க எல்லாம் ஞானஸ்நானம் வாங்கினவங்கதான். என் புருஷன் செத்த எட்டு வருஷத்துல அவருக்கு நீங்க ஒண்ணும் பூசையை அள்ளிக் கொடுத்துடல.”

கூட்டத்தில் சிரிப்பு ஓடியது. தந்தை கொஞ்சம் யோசித்தார். “அதுக்குத் தடை ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு மணி அடிக்கச் சொன்னார்.

ரோமெக் யார் கண்ணிலும் படாமல் கடைசித் தூண் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். ஆறடி உயரத்தை எங்கே ஒளிக்கிறது? ஸ்டெஃபானியா வந்து கோட்டுக் கையைப் பிடித்தாள்.

“இங்க என்ன நிக்கிறீங்க? முன்வரிசை குடும்பத்துக்கு.”

“நான் குடும்பம் இல்லம்மா.”

“வேற யாரு இருக்கா அந்த மனுஷனுக்கு? போய் உக்காருங்கய்யா.”

உட்கார்ந்தார். முன்வரிசை முழுக்க அவர் ஒருவர்தான். நான் இரண்டாம் வரிசையில் இருந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, என் சொந்த மகன் பட்டம் வாங்கியபோதுகூட அப்படி இல்லை. மகனிடம் இதைச் சொல்லவில்லை.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தோம். பேண்டு முன்னால் போனது. பெட்டி இல்லை, குழி இல்லை, பூவை எங்கே வைப்பது என்று வாசலில் ஒரு குழப்பம்.

“என் வீட்டுக்காரர்கிட்ட வைங்க. அவர் பின்னாடி மூணு வாரம் அலைஞ்சுதானே இந்த ஐயா நடக்கக் கத்துக்கிட்டார்” என்றாள் ஸ்டெஃபானியா. உண்மைதான். தொடர் ஆரம்பித்தபோது ரோமெக் அந்தத் தபால்காரரோடு வீடு வீடாகப் போனார். வாலென்டி வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடப்பது அவரிடமிருந்து எடுத்தது. அந்தக் கல்லறை சாமந்தியில் மூடிப்போனது.

பிறகு யாரும் கலையவில்லை. அடக்கம் முடிந்தால் குடும்பத்துக்குக் கை கொடுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் போவது எங்களுக்குப் பழக்கமில்லை. ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் வந்தார். தொப்பியைக் கழற்றினார், ரோமெக்கின் கையைப் பிடித்தார், “உங்க துக்கத்துல நாங்களும் இருக்கோம் ஐயா” என்றார். அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது.

ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள். “என் மாமனார் கடைசி ரெண்டு வருஷம் யாரையும் அடையாளம் தெரியாம கிடந்தார். வாலென்டி வந்தா மட்டும் ‘வந்துட்டான்’னு சொல்லுவார்” என்றாள் ஒருத்தி. “எங்க வீட்ல சண்டை நடந்தா உங்க மணிச் சத்தத்துக்குத்தான் நிக்கும்” என்றார் ஒருவர். பக்கத்தில் இருந்த மனைவி, “பாதிதான் நிக்கும்” என்றாள். தபால் நிலையத்து இளம்பெண் ஒருத்தி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தாள், தபால்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கமே கிடையாது. ரோமெக் ஒவ்வொரு கையையும் இரண்டு கையால் பிடித்து, நன்றி, நன்றி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணிலிருந்து வடிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. திரையில் அழுவதற்கு அவருக்கு எப்போதும் வெங்காயம் வேண்டும், அதுவும் என் பொறுப்புதான்.

பன்னிரண்டரைக்கு பாட்ரிக் வந்து சேர்ந்தான். யாரோ போனில் படம் போட்டிருக்கிறார்கள், நாடு முழுக்கப் பரவிவிட்டது. கூடவே கேமராமேன் ஒருத்தன், தோளில் கேமராவோடு. பாட்ரிக் கூட்டத்தைப் பார்த்தான், பூவைப் பார்த்தான், மூச்சு வாங்க ரோமெக்கிடம் ஓடினான்.

“சார், இது தங்கம் சார். எடுத்துடலாம். இதையே ஒரு முழுப் பகுதியா போடுறேன். அந்தப் பதினெட்டு விநாடியைத் தூக்கிடுறேன். டைட்டில்ல உங்க பேர் மட்டும், தனியா. முதல்லேர்ந்து ஒரு தடவை கை கொடுத்தா போதும். வெளிச்சம் இந்தப் பக்கம் நல்லா இருக்கு, நீங்க கொஞ்சம் இடது பக்கம் வாங்க.”

வரிசை நின்றுவிட்டது. எல்லோரும் ரோமெக்கைப் பார்த்தார்கள். மூன்று வாரம் முன்னால் இதைத்தானே அவர் கெஞ்சிக் கேட்டார்? பெட்டிக்குள் படுக்கிறேன் என்றாரே? நாற்பத்தைந்து வருட வாழ்க்கையில் திரையில் தன் பெயர் தனியாக வந்து அவர் பார்த்ததில்லை. அவர் கேமராவைப் பார்த்தார். வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தார். பழக்கம், கண் தானாகப் போகும். கால் ஒரு அடி இடது பக்கம் நகர்ந்தும்விட்டது.

பிறகு அந்தக் காலைத் திரும்ப எடுத்து முதலில் நின்ற இடத்திலேயே வைத்தார்.

“இன்னிக்கு எனக்கு ஷூட்டிங் இல்ல பாட்ரிக். சாவுக்கு வந்திருக்கேன்.”

“சார், ஒரே ஒரு டேக்…”

“உனக்கும் துக்கம் விசாரிக்கணும்னா, அதோ, வரிசை அங்க முடியுது.”

அதட்டவில்லை. வழி கேட்டவருக்கு வாலென்டி வழி சொல்வதுபோலத்தான் சொன்னார். பாட்ரிக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஸ்டெஃபானியா கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கேமராமேனிடம் கையைக் காட்டினான், கேமரா தோளிலிருந்து இறங்கியது. பிறகு அந்த விலை உயர்ந்த ஷூவோடு சேற்றில் நடந்து, வாசல்வரை போய், கடைசி ஆளுக்குப் பின்னால் நின்றான்.

நாற்பது நிமிடம் நின்றான். போனை எடுத்துப் பார்க்கவில்லை, நான் கவனித்தேன். நடுவில் எவனோ அவனுக்குப் பின்னாலும் வந்து சேர்ந்தான், வரிசை நீண்டுகொண்டே போனது. அவன் முறை வந்தபோது தொப்பி இல்லாததால் என்ன செய்வது என்று தெரியாமல் தலையை மட்டும் குனிந்தான்.

“உங்க துக்கத்துல நானும் இருக்கேன் சார்.” அத்தோடு நகர்ந்து போயிருக்கலாம், போகவில்லை. கையை விடாமல் நின்றான். “எங்க அம்மா மூணு வாரமா என்கூடப் பேசல சார். வாலென்டியை நீ எப்படிடா தூக்கலாம்னு போனை வச்சவதான்.”

ரோமெக் அவன் தோளில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையைத் தட்டிவிட்டார்.

“நீ இப்ப நேரா அம்மா வீட்டுக்குப் போ. ஊரே திரண்டு வந்து அவரை நல்லபடியா அனுப்பி வச்சாங்கன்னு சொல்லு. நீயும் வரிசையில நின்னேன்னு சொல்லு.”

சொல்லிவிட்டு அடுத்தவருக்குக் கையை நீட்டினார்.